மூன்றாம் நிரலில் எழுதிய பாவம்

பத்து வயதில் எனக்குப் பாவத்துக்குப் பெரும் பஞ்சம் வந்தது. இதைச் சொன்னால் இப்போது எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்த வருடத் தவக்காலத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கொப்பியையும் சிவப்புப் பேனையையும் வைத்துக்கொண்டு, இன்றைக்கு நான் என்ன பிழை விட்டேன் என்று பின்னேரம் பின்னேரமாகத் தேடிக் களைத்துப் போயிருந்தேன்.

கொப்பி எங்கள் மறைக்கல்வி சிஸ்டருடைய யோசனை. திருநீற்றுப் புதனுக்கு மறுகிழமை எல்லோருக்கும் ஒவ்வொன்று தந்து, அடிமட்டம் வைத்து நான்கு நிரல் கீறச் சொன்னார். முதலாவது சிந்தனை, இரண்டாவது சொல், மூன்றாவது செயல், நான்காவது செய்யத் தவறியது. ஒவ்வொரு நாளும் செபமாலை முடிந்ததும் கண்ணை மூடி ஐந்து நிமிடம் ஆத்தும சோதனை செய்யவேண்டும். பிறகு கண்டதைக் கண்டபடி எழுதவேண்டும். பெரிய வாரத்தில் பங்குக் குருவான சுவாமியிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது அதைப் பார்த்து ஆயத்தம் செய்யலாம்.

"ஒருத்தரும் வாசிக்க மாட்டினம். நானும் எட்டத்தில நிண்டு பக்கம் நிரம்பியிருக்கோ எண்டு மட்டும்தான் பாப்பன். ஆனா பிள்ளையள், உங்களை நீங்களே பேய்க்காட்டக் கூடாது" என்றார் சிஸ்டர்.

என்னுடைய முதலாம் நிரல் இரண்டே கிழமையில் வழிந்தது. அப்பா குறட்டை விடும்போது அவருடைய மூக்கில் பஞ்சு அடைக்க நினைத்தேன். பூசையில் பிரசங்கம் நீண்டபோது சுவாமிக்கு இருமல் வந்தால் நல்லது என்று நினைத்தேன். இரண்டாம் நிரலும் பரவாயில்லை. நான்காம் நிரலில் செபமாலைக்குள் நித்திரை தூங்கியது ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. மூன்றாம் நிரலில்தான் ஒன்றுமில்லை. நான் பயந்தாங்கொள்ளி. நினைப்பேன், முணுமுணுப்பேன், ஒன்றையும் செய்யமாட்டேன். அதை நல்ல குணம் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள், நானும் நம்பியிருந்தேன்.

வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தவளுக்கு மூன்றாம் நிரலில் இடம் போதவில்லை. தம்பியைக் கடித்திருந்தாள், கன்னியர் மடத்து மாமரத்தில் ஏறியிருந்தாள், அக்காவின் சப்பாத்துக்குள் மணல் போட்டிருந்தாள். சிவப்பு மையில் பக்கம் பக்கமாக எழுதிக் குவித்திருந்தாள். எனக்கு அவள்மேல் தாங்கமுடியாத எரிச்சல். அந்த எரிச்சலையும் நேர்மையாக முதலாம் நிரலில்தான் எழுதவேண்டியிருந்தது.

குருத்து ஞாயிறன்று வகுப்பில் சிஸ்டர் எங்கள் வரிசையைக் கடந்து போனவர் என் மேசையருகே நின்றார். எட்டத்தில் நிற்பேன் என்றவருக்குக் கண் நல்ல கூர்மை. "மூண்டாவது நிரல் என்ன, வெறும் வயலாக் கிடக்கு? இன்னும் வடிவாத் தேடிப் பார் பிள்ளை" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. அன்றைய பாடத்தில் அவர் இன்னொன்றும் சொன்னார். மனதார விரும்பிய தீமை கடவுளுக்கு முன்னால் கையால் செய்த தீமை மாதிரித்தான். கை எட்டாததால் நாங்கள் நல்லவர்களாகிவிட மாட்டோம்.

அதைக் கேட்டதும் பேனையை மூடி வைத்தேன். ஏனென்றால் என் மனதில் அப்படி விரும்பிய தீமை ஒன்று கிடந்தது. அது எங்கள் வீட்டையே அந்த நாட்களில் தலைகீழாகப் புரட்டிப் போட்டிருந்த விஷயம்.

மாமாவின் பாஸ்போட் தொலைந்திருந்தது.

மாமா அம்மாவின் தம்பி. உள்துறைமுகப் பக்கம் ஒரு வேலைத்தலத்தில் படகு இயந்திரங்கள் திருத்துகிறவர். நிலாவெளியில் இருந்த அம்மாவின் வீட்டையும் அம்மாவின் தாய் தகப்பனையும் சுனாமி அன்று கடல் ஒரே காலையில் கொண்டுபோனது. மார்கழி லீவுக்கு எங்களிடம் வந்திருந்தபடியால் மாமா தப்பினார். அன்றிலிருந்து அவர் எங்களோடுதான். அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று உலகத்தில் மிஞ்சியிருந்தது அவர் ஒருவர்தான். இருபத்தாறு வயது ஆம்பிளைக்குச் சோறு குழைத்து உருட்டிக் கையில் கொடுப்பார் அம்மா. அதைப் பார்த்து எனக்கு மூன்று வருடமாவது பொறாமை இருந்திருக்கும்.

அந்த மாமாவுக்குக் கட்டாரில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை சரிவந்திருந்தது. விசா குத்திய பாஸ்போட்டோடு, உயிர்த்த ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை கொழும்பில் முகவரின் முன்னால் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

தவக்காலத்து நான்காம் கிழமைச் சனிக்கிழமை, மாமா தன்னுடைய சிநேகிதரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சிநேகிதர் கிண்ணியாக்காரர். பஸ் நிலையத்தடியில் ஓட்டோ ஓடுகிறவர். முஸ்லிம் வீடுகளில் அண்ணனைச் சொல்வதுபோல நான் அவரை நானா என்று கூப்பிடுவேன். வரும்போதெல்லாம் ஒரு சட்டி எருமைத் தயிர் கொண்டுவருவார். கட்டார் வேலைக்கு அவரும் நேர்முகத்துக்குப் போயிருந்தார், அவரை எடுக்கவில்லை. அன்று இருவரும் தேத்தண்ணி குடித்துவிட்டு, கடதாசிகள் இருந்த கோவையை எடுத்துக்கொண்டு, பிரதி எடுக்க ஓட்டோவில் போனார்கள். கடையில் கோவையைத் திறந்தால் எல்லாம் இருக்கிறது, பாஸ்போட் இல்லை.

பிறகு நடந்ததை நான் கதவருகே நின்று பார்த்தேன். வீட்டைப் புரட்டினார்கள். அலுமாரியில் இருந்த உடுப்பெல்லாம் நிலத்தில் கிடந்தது. ஓட்டோவின் ஆசனத்தைக் கழற்றி முற்றத்தில் போட்டார்கள். கோவை வழியெல்லாம் ஓட்டோவுக்குள்தான் இருந்தது என்று மாமா ஒருதரம் சொன்னார். பிறகு இன்னொருதரம், வேறு குரலில் சொன்னார். கடைசியில் கேட்டே விட்டார்.

"உனக்குக் கிடைக்கேல்லை எண்டுதானே மச்சான்?"

நானா கழற்றின ஆசனத்தை எடுத்துத் திரும்பப் பூட்டினார். பூட்டி முடித்துத்தான் நிமிர்ந்தார்.

"அப்பிடி நீ நினைச்சா நான் கதைக்க ஒண்டும் இல்ல" என்றார். போய்விட்டார்.

அம்மா குசினி வாசலில் கையில் தேத்தண்ணிக் கோப்பைகளோடு நின்றார். நானா கொண்டுவந்த தயிரை யாரும் தொடவில்லை. அது மூன்று நாள் மேசையிலேயே இருந்து புளித்தது. அம்மா அதைக் கொட்டவும் இல்லை.

இதில் என் பாவம் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். மாமா போகக்கூடாது என்று நான் ஒரு மாதமாகச் செபித்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு பின்னேரங்களில் என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோவதற்கு வேறு ஆள் இல்லை. அந்தப் பாஸ்போட் தொலைந்துபோகட்டும், கடலுக்குள் விழட்டும் என்று சொல்லுக்குச் சொல் வேண்டியிருந்தேன். தொலைந்ததும் எல்லோரும் தலையில் கை வைத்தபோது, நான் மட்டும் குளியலறைக்குள் போய்ச் சந்தோஷத்தில் துள்ளினேன். சிஸ்டரின் கணக்குப்படி இது கையால் செய்தது மாதிரி. அப்படியென்றால் இது முதலாம் நிரலுக்குரியது அல்ல.

குருத்து ஞாயிறு பின்னேரம் கொப்பியைத் திறந்து, வெறும் வயலாகக் கிடந்த மூன்றாம் நிரலின் நடுவில் எழுதினேன்: மாமாவின் பாஸ்போட்டை எடுத்துக் கடலில் எறிந்தேன்.

எழுதி முடித்துப் பார்த்தபோது மிகவும் வடிவாக இருந்தது. வாங்கில் பக்கத்தில் இருந்தவளின் சப்பாத்து மணலெல்லாம் அதற்குக் கிட்ட வராது. உண்மையாக என்னைச் சோதித்துப் பார்த்த ஒரு பெரிய பாவியாக அன்றைக்குத்தான் என்னை உணர்ந்தேன். அந்தப் பெருமையை எந்த நிரலிலும் எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் கோவில் சனங்கள் பலர் வீட்டில் அது இருந்தது. பெரிய வாரத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதற்கு முதல்நாள், செபம் முடிந்ததும் வீட்டிலிருக்கிறவர்கள் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கவேண்டும். வீட்டில் சமாதானமாகாமல் கோவிலில் போய் முழங்காலில் நிற்பதில் பிரயோசனம் இல்லை என்பது கதை. கேட்டால் மறுக்கக்கூடாது. மன்னித்தேன் என்று சொல்லியே ஆகவேண்டும். பெரியவர்கள் முதலில் கேட்பார்கள், நான் கடைசி.

திங்கட்கிழமை பின்னேரம் ஐந்தரை மணியிருக்கும். மெழுகுதிரி ஏற்றியிருந்தது. அப்பா தொடங்கினார். அவர் துறைமுகத்தில் களஞ்சியப் பொறுப்பாளர். எல்லா வருடமும் ஒரே வசனம்தான். "நான் அறிஞ்சோ அறியாமலோ ஆரையும் நோகப்பண்ணியிருந்தா மன்னியுங்கோ." ரசீது வாங்குவதுபோல எங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு மன்னித்தேன் வாங்கிக்கொண்டார். அடுத்தது அம்மா. அம்மா மெழுகுதிரியைப் பார்த்தபடி "என்னையும் மன்னியுங்கோ" என்று மட்டும் சொன்னார். மாமாவும் ஏதோ சொன்னார். என் முறை வந்தது.

மற்ற வருடங்களில் சொல்வழி கேட்காததற்கு என்று சொல்லி முடித்துவிடுவேன். அந்த வருடம் கொப்பியை எடுத்து வாசித்தேன்.

குறட்டைப் பஞ்சுக்கு அப்பா ஒரு மாதிரிப் பார்த்தார். சுவாமியின் இருமலுக்கு மாமா உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். அந்தச் சிரிப்பு எனக்கு உற்சாகமாக இருந்தது. குரலை உயர்த்தி மூன்றாம் நிரலையும் வாசித்தேன்.

கொப்பியிலிருந்து நிமிர்ந்தேன். மாமாவின் முகத்தில் சிரிப்பு அரைவாசியில் நின்றிருந்தது. நான் மன்னித்தேன் என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். அது வழக்கம்தானே.

அப்பாதான் முதலில் கேட்டார். "எப்ப எடுத்தனீ?"

எனக்கு அந்தக் கேள்வி வருமென்று தெரியாது. சனிக்கிழமை என்றேன்.

"எங்க எறிஞ்சனீ?"

"ஜெட்டியில."

"எந்த ஜெட்டி?"

"மூதூர் போட் வாற ஜெட்டி."

"ஆரோட போனனீ?"

"தனிய."

கேட்கக் கேட்கப் பதில் தானாகவே வந்துகொண்டிருந்தது. எனக்கே திகைப்பாக இருந்தது. மனதால் மட்டும்தான் எறிந்தேன் என்று இடையில் சொல்லியிருக்கலாம். ஆனால் செபம் முடிந்த கையோடு, மெழுகுதிரிக்கு முன்னால் வாசித்ததைப் பொய் என்று எப்படிச் சொல்வது? ஆத்தும சோதனை செய்யத் தொடங்கிய நாளிலிருந்து நான் சொல்லாத அத்தனை பொய்யையும் அந்த ஒரு நிமிடத்தில் சொன்னேன்.

மாமா எழுந்து வந்து எனக்குக் கன்னத்தில் அறைந்தார்.

அவர் அன்றுவரை என்மேல் கை வைத்ததில்லை. அதற்குப் பிறகும் வைத்ததில்லை. வலியை விட, மன்னிப்பு நாளில் அடிக்கலாமா என்ற திகைப்புத்தான் எனக்கு. அழவும் தெரியாமல் நின்றேன். அம்மா "தம்பி" என்று கத்திக்கொண்டு எழும்பினார். மாமா திரும்பினார். அம்மா நின்றார். அவருடைய வாய் திறந்தபடியே இருந்தது. ஏதோ சொல்லப் போகிறார் என்று நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"நான் அவனைக் கள்ளன் எண்டெல்லோ சொல்லிப்போட்டன்" என்றார் மாமா. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. சேட்டுப் பொத்தானைக் கூடப் பூட்டாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் நிலையப் பக்கம் போனார். அப்பா கதிரையில் இருந்தபடி கொப்பியை எடுத்து, நான் எழுதிய வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். எதையும் எழுத்தில் பார்த்தால் நம்புகிற மனிதர் அவர்.

அம்மா என்னைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டுபோய்த் தேங்காயெண்ணெய் எடுத்துக் கன்னத்தில் பூசினார். என் கண்ணைப் பார்க்கவேயில்லை. கோபத்தில் பார்க்கவில்லை என்று நினைத்து, "அம்மா, நீங்கள் மன்னிச்சிட்டீங்களோ?" என்று கேட்டேன். அம்மா எண்ணெய்ப் போத்தலை மூடினார். மூடியதைத் திறந்து மறுபடியும் பூசினார்.

அடுத்தநாள் செவ்வாய்க்கிழமை பின்னேரம் அம்மாவும் நானும் கோவிலுக்குப் போனோம். பாவசங்கீர்த்தனத் தொட்டி என்கிற மரக் கூட்டடியில் நீண்ட வரிசை. எனக்குப் பின்னால் அம்மா. முழங்காலில் இருந்து, தட்டிக்கு அந்தப் பக்கம் சுவாமியின் மூச்சு கேட்டதும் எனக்குக் கொப்பி, நிரல், வரிசை எல்லாம் மறந்துவிட்டது.

"சுவாமி, நான் செய்யாத பாவமொண்டைச் செய்தனான் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஏன் பிள்ளை?"

"மூண்டாவது நிரல் வெறுமையாக் கிடந்தது சுவாமி."

அந்தப் பக்கத்திலிருந்து இருமல் ஒன்று கேட்டது. நான் முதலாம் நிரலில் எழுதிய இருமல் என்று அப்போது நினைக்கத் தோன்றவில்லை. அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, சிரிப்பில்லாத குரலில் சொன்னார்.

"நல்லவளாத் தெரியிறதுக்கும் பொய் சொல்லலாம், கெட்டவளாத் தெரியிறதுக்கும் பொய் சொல்லலாம். ரெண்டும் ஒண்டுதான். வீட்டில போய் உள்ளதைச் சொல்லு. அதுதான் உன்ர பரிகாரம்."

வெளியே வந்ததும் அம்மா உள்ளே போக ஆயத்தமாக முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். வீடு வரை பொறுக்க எனக்கு ஏலாது. அவருடைய சேலையைப் பிடித்து இழுத்துக் காதுக்குள் சொன்னேன்.

"அம்மா, நான் பாஸ்போட்டை எடுக்கேல்லை. ஜெட்டிக்கும் போகேல்லை. எல்லாம் பொய்."

அம்மா என்னைப் பார்த்தார்.

"தெரியும்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. என் அம்மா என்னை எவ்வளவு நம்புகிறார் என்று நினைத்தேன். மற்றவர்கள் எல்லோரும் நம்பிய பொய்யை அவர் மட்டும் நம்பவில்லை. தாய் அறியாத சூல் உண்டா என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான் என்று நினைத்து, வாங்கில் இருந்து கால்களை ஆட்டிக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தேன்.

அம்மா உள்ளே நெடுநேரம் இருந்தார். வரிசையில் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வெளியே வந்தபோது முகமெல்லாம் வீங்கியிருந்தது. பரிகாரச் செபம் சொல்ல முழங்காலில் கூட நிற்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஓடினார் என்றே சொல்லவேண்டும். வழியில் இரண்டு பேர் நிறுத்திக் கதைக்கப் பார்த்தார்கள், அம்மா நிற்கவில்லை.

வீட்டு முற்றத்தில் நானாவின் ஓட்டோ நின்றது. அதைக் கண்டதும் எனக்குச் சந்தோஷம். அடுத்த கணம் அவர்கள் இருவரையும் கண்டேன். மாமாவும் நானாவும் கிணற்றடியில் தலையிலிருந்து கால்வரை நனைந்து நின்றார்கள். நானாவின் முழங்கையில் சிப்பி கீறிய இரத்தம். காலையிலிருந்து ஜெட்டியடியில் மூழ்கித் தேடியிருக்கிறார்கள். கயிறும் பிளாஸ்டிக் போத்தலும் எண்ணெய்ச் சேறும் தவிர ஒன்றும் அகப்படவில்லை. மாமா மன்னிப்புக் கேட்கப் போயிருந்தாராம். நானா, அதைப் பிறகு பார்ப்போம், முதலில் தண்ணிக்குள் பார்ப்போம் என்றாராம். நான் ஒரு பக்கத்தை நிரப்ப எழுதிய வரிக்காக இரண்டு பெரிய ஆம்பிளைகள் நாள் முழுக்கக் கடலுக்குள் கிடந்திருக்கிறார்கள்.

சொல்லவேண்டியதைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னைக் கடந்து உள்ளே போனார்.

முன்னறையில் அம்மாவின் தையல் மெஷின் இருந்தது. அயலிலுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட உடுப்புத் தைப்பது அதில்தான். உயிர்த்த ஞாயிறுக்கு எனக்கென்று தைத்த சட்டை பாதியில் அதன்மேல் கிடந்தது. அம்மா சட்டையை எடுத்துக் கதிரையில் வைத்தார். மெஷினின் தலையைப் பின்னால் சாய்த்தார். அடியில் இருந்த குழிக்குள் கையை விட்டு, பழைய துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து, முற்றத்துக்கு வந்து மாமாவிடம் நீட்டினார். துணியில் மெஷின் எண்ணெய் ஊறியிருந்தது.

"நான்தான் எடுத்து வைச்சனான்" என்றார்.

மாமா துணியை விரித்தார். பாஸ்போட்டின் மூலையில் எண்ணெய் படிந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஓடிய நிறத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

"ஏன் அக்கா?"

"நீயும் போனா எனக்கு ஆர் இருக்கினம்?"

அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். நானும் அங்கேயேதான் நின்றேன். நாங்கள் இருவரும் ஆட்கள் இல்லையா என்று எனக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொன்னால் அந்தப் பின்னேரத்தில் எனக்கு நொந்தது அது ஒன்றுதான். பெரியவர்கள், அதுவும் அம்மா, இப்படி ஒன்றைச் செய்வார்களா என்ற அதிர்ச்சி ஒரு பக்கம். ஒவ்வொரு நாளும் சட்டை தைக்கும்போது அவருடைய மடிக்கு மேலே, ஒரு சாண் தூரத்தில் அது கிடந்திருக்கிறது. வீட்டையே புரட்டிய மனிதர் ஒருவருக்கும் தைக்கிற மெஷினைச் சாய்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

அம்மா மாமாவுக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். மன்னிப்புக் கேட்டார். முதல்நாள் சொன்ன வசனம் அல்ல, எடுத்த நாள், எடுத்த நேரம், எடுத்த கை எல்லாம் சொல்லிக் கேட்டார். அவர்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது கோவை மெஷின்மேல் கிடந்ததாம். எடுத்தவுடனேயே திருப்பி வைக்கத்தான் நினைத்தாராம். அப்படியே நானாவின் பக்கம் திரும்பினார். "உங்களைக் கள்ளன் எண்டு சொல்லேக்க நான் பாத்துக்கொண்டு நிண்டனான் தம்பி" என்றார்.

நானா நிலத்தைப் பார்த்தார். நனைந்த சாரத்திலிருந்து தண்ணி சொட்டியது. "எழும்புங்க அக்கா" என்றார். "எனக்கும் ஒரு ராத்தா இருக்கா." ராத்தா என்றால் அவர்கள் வழக்கத்தில் அக்கா. மாமா பாஸ்போட்டைப் பிடித்த கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அப்பா மெதுவாக வந்து அம்மாவின் தோளில் கை வைத்தார். மற்றவர்கள் முன்னால் அவர் அம்மாவைத் தொட்டதை நான் கண்டது அன்றுதான்.

மாமா போனார். சொன்ன செவ்வாய்க்கிழமை கொழும்பில் நின்றார். இப்போதும் அந்தப் பக்கம்தான், கலியாணம் கட்டி இரண்டு பிள்ளைகள். அம்மா வாரத்தில் இரண்டு நாள் அவரோடு போனில் கதைக்கிறார். சாப்பிட்டாயா என்றுதான் முதலில் கேட்பார். நானாவின் மகளுடைய கலியாணத்துக்குப் போன வருடம் அம்மாதான் உடுப்புத் தைத்துக் கொடுத்தார். இதெல்லாம் நன்றாகவே முடிந்தது.

நானும் இப்போது வருடா வருடம் தவக்காலத்தில் ஆத்தும சோதனை செய்கிறேன். கொப்பி இல்லை. என்ன செய்தேன் என்று தேடுவது அவ்வளவு கஷ்டமில்லை என்பது இந்த வயதில் தெரிகிறது. வாய் திறந்து நின்று, சொல்லாமல் விட்ட இடங்களைத் தேடுவதற்குத்தான் நெஞ்சு வேண்டும். அம்மா அந்தத் திங்கட்கிழமை எழும்பி நின்று வாய் திறந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் திக்கென்கிறது. அதற்குப் பிறகு முழுதாக ஒரு இரவும் ஒரு பகலும் போயிருக்கின்றன. அந்த நேரம் முழுக்க அந்த வீட்டில் கள்ளி நான்தான். நான் இல்லை என்று தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் எனக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்.

பத்து வயதில் இது எனக்கு ஓடவில்லை. முற்றத்தில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு முடித்த அம்மா கடைசியாக என் பக்கம் வந்தார். முழங்காலில் இருந்தபடியே வந்தார். அவருடைய முகம் என் முகத்துக்கு நேரே இருந்தது.

"என்னை மன்னிப்பியா மகள்?"

எனக்குப் புரியவில்லை. பாஸ்போட் மாமாவுடையது, பழி நானாவுடையது. "நீங்கள் எனக்கு ஒண்டும் செய்யேல்லையே அம்மா" என்றேன்.

அம்மா கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டார்.

"இதுக்கு" என்றார்.

"இது மாமா அடிச்சது அம்மா, நீங்கள் இல்லை" என்று திருத்தினேன். அம்மா இன்னும் கூடுதலாக அழத் தொடங்கினார். அழுகைக்குள் ஆளை மாற்றிச் சொல்லிவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.